ஐயாவின் பின்னால் போன க்ளிக்

ஜனவரி 6, திங்கள்

புத்தாண்டுப் பரிசாகப் பள்ளியில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் தாளாளர் ஐயா படம். உள்ளே முதல் பக்கத்தில் ஐயா படம். அதற்குப் பிறகு மாதம் பிறக்கும் இடத்தில் எல்லாம் ஐயா படம். மார்ச் மாதத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்தவர். நியாயப்படி கோழிமேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெயர், பதவி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பெயர்: வசுமதி. பதவி: இசை ஆசிரியை, தற்காலிகம். என் மகள் ரூபிகா இதே பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். என் தற்காலிகம் மட்டும் பாஸாகாமல் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

டைரியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வரும் ஜூன் முதல் பாட்டுக்கும் பேண்டுக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர்தானாம். அந்த ஒருவருக்கு வேலை நிரந்தரம். மற்றவர் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போகிறவரின் பிள்ளைகளுக்கு இங்கே இலவசப் படிப்பும் கிடையாது. அதாவது ஒன்று நான், இல்லாவிட்டால் பேண்ட் மாஸ்டர் அமல்ராஜ். ஒன்று என் ரூபிகா, இல்லாவிட்டால் அவருடைய இரண்டு பையன்கள்.

நான் கவலைப்படவில்லை. அதை இங்கே எழுதியே வைக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

ஸ்டாஃப் மீட்டிங். பள்ளிக்கு ஒரு கீதம் வேண்டும் என்று ஐயாவுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றிய அன்றே தமிழ் ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் வேலை தற்காலிகம்தான்.

ஒழுக்கம் உழைப்பு உயர்கல்வி
பொன்னாச்சி தந்த பெருஞ்செல்வம்
குழந்தைவேல் ஐயா கொடை வாழ்க
கோடி ஆண்டுகள் குடி வாழ்க

பொன்னாச்சி என்பது ஐயாவின் அம்மா பெயர், பள்ளிக்கும் அதுதான் பெயர். குழந்தைவேல் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மெட்டுப் போட்டுட்டேனுங்க ஐயா. எட்டாங் கிளாஸ் புள்ளைங்களைப் பாட வெக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க பாடுனா புள்ளைங்க பாட்டாப் போயிரும் டீச்சர். நானே பாடிப்போடறேன்" என்றார் ஐயா.

எல்லாரும் கை தட்டினோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தட்டினேன் என்று அமல்ராஜ் சொல்கிறார். அவருக்கு எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் வியாதி.

பிப்ரவரி 15 விளையாட்டு விழா. அன்றைக்கு அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு, அதற்குத் தகுந்தபடி மொத்தப் பள்ளியும் அணிவகுத்து நடக்க வேண்டும். பாட்டைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. டிரம்ஸ் அமல்ராஜ்.

ஜனவரி 9, வியாழன்

பழைய ஸ்டோர் ரூம்தான் ஸ்டூடியோ. எதிரொலி வரக் கூடாது என்றேன். மதியத்துக்குள் பண்ணையிலிருந்து ஒரு வேன் நிறைய முட்டை அட்டை வந்து இறங்கியது. நாலு சுவரிலும் அட்டை ஒட்டியாயிற்று. எதிரொலி போய்விட்டது, கோழி வாசம் வந்துவிட்டது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் க்ளிக் என்று ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். பாட்டு மட்டும் பதிவாகும், தட்டு பதிவாகாது. திரையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செங்குத்துக் கோடு. நாம் அடிப்பதும் பாடுவதும் அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்தால் தாளம் சரி. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் மானம் போய்விடும்.

தாளத்தை நாலுக்கு நாலு, அதாவது நாலு தட்டுக்கு ஒரு சுற்று, என்று வைத்தேன். முதல் தட்டு மட்டும் கொஞ்சம் உரத்து, டக் என்று கேட்கும்படி. பாட்டு தொடங்குமுன் வெறும் தட்டு எட்டு வரும்படி. இவ்வளவையும் சரியாக வைத்துவிட்டுப் பாடிப் பார்த்தால், பதிவில் என் பாட்டோடு டிக் டிக்கும் சேர்ந்து கேட்கிறது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஹெட்ஃபோன் ஒயரைச் செருகவே இல்லை, ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

இந்த மெட்டுக்கு 98 கச்சிதம். பிள்ளைகள் நடக்கவும் தோதான வேகம்.

ஜனவரி 10, வெள்ளி

98 கூடாதாம்.

ஐயா வந்து திரையைப் பார்த்தார். "இதென்ன நம்பரு?" என்றார். வேகம் என்றேன். விரல் விட்டு எண்ணினார். "ஒம்பதும் எட்டும் பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. ஏம்மா, பள்ளிக்கூடத்துப் பாட்டை சனீஸ்வரன் நம்பர்லயா வெப்பாங்க?"

அங்கிருந்தே ஜோசியருக்கு ஃபோன் போட்டார். ஜோசியருக்கு மெட்டு தெரியாது, தாளம் தெரியாது, பாட்டை ஒரு வரிகூடக் கேட்டதில்லை. ஆனாலும் 96 என்று அடித்துச் சொல்லிவிட்டார். கூட்டினால் ஆறு, சுக்கிரன்.

96 என்று மாற்றினேன். இரண்டு தட்டு குறைந்தால் குடி முழுகிவிடாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஓசூர் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். சுற்றறிக்கையைக் காட்டினேன். "அவங்க கேக்கறதைச் செஞ்சு குடுத்துட்டுப் போ. வாயத் தொறக்காத" என்றார். இந்த மனிதர் வருடத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கிறார், நாலு நாளும் இதே புத்திமதி. சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் தூக்கல் என்றும் சொன்னார்.

ஜனவரி 20, திங்கள்

இன்று டிரம்ஸ் பதிவு.

அமல்ராஜுக்குத் திண்டுக்கல் பக்கம். கல்யாண பேண்டில் வாசித்து, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, இங்கே மாஸ்டரானவர். வாய் அதிகம். என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பார். "மிஸ்ஸு, இது எலுமிச்சம்பழச் சோறா, மஞ்சத்தூள் சோறா?" என்பார், என்றுவிட்டு முழுவதையும் தின்பார். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரூபிகாவுக்கு அவர்மேல் ஒரே பக்தி. பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறாள். டிரம்ஸ் பதிவைப் பார்க்க வேண்டும் என்று பி.டி. பீரியடை விட்டுவிட்டு வந்து, முட்டை அட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அமல்ராஜ் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார், க்ளிக்கைக் கேட்டார், அடித்தார். ஒரே டேக். திரையில் பார்த்தேன். ஒவ்வோர் அடியும் கோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றாவது தள்ளி இருக்காதா என்று பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

"என்னா மிஸ்ஸு, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு டாட்டா?" என்றார், ஸ்டிக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்றேன்.

"ஆகும் மிஸ்ஸு. ஆனா நம்ம சண்ட போட்டுக்க வேணாம். அவங்களா முடிவு எடுத்துக்கட்டும்."

ரூபிகா முன்னால் இதையெல்லாம் பேசியிருக்க வேண்டாம்.

ஜனவரி 21, செவ்வாய்

ஐயா பாட வந்தார். பட்டு வேட்டி. மைக்குக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். முட்டை அட்டை தீப்பிடிக்கும் என்று நான்தான் கத்தினேன்.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுக் க்ளிக்கைப் போட்டேன். எட்டுத் தட்டு முடிந்து பாட்டு ஆரம்பிக்க வேண்டும். ஐயா நாலாவது தட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு எண்ணிட்டுப் பாடணுங்க ஐயா."

"நான் எதுக்கும்மா எண்ணிக்கிட்டு நிக்கோணும்?"

ஜனவரி 22, புதன்

நேற்றும் இன்றும் முழுநாள் பாடினார். இப்போது எனக்கு அவர் பாட்டு மனப்பாடம். 'ஒழுக்கம் உழைப்பு' என்று வரும் இடத்தில், பஸ் போய்விடுமோ என்பதுபோல ஓடுகிறார். தன் பெயர் வரும் இடத்தில் நின்று, உட்கார்ந்து, காற்று வாங்கி, 'குழந்தை...வே...ல்' என்று இழுத்து, 'கொடை'யை விடவே மனமில்லாமல் விடுகிறார். க்ளிக் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

"இந்த டிக்டிக் என்னயத் தொரத்துதும்மா" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் போட்டார். "அது ஓடற ஓட்டத்துக்கு நான் ஓடோணுமா? இந்த மிசினு யாரு காசுல வாங்குனது?"

"உங்க காசுலதானுங்க ஐயா."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. க்ளிக்கையும் டிரம்ஸையும் நிறுத்திவிட்டு, ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் பிடித்தேன். அவர் பாட்டுக்குப் பாடினார். முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா இருந்திருந்தா..." என்றார். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு அவரைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஜூனுக்கு யாரை வெச்சுக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணுலீங்க டீச்சர். பாட்டு எப்பிடி வருதுன்னு பாத்துக்கலாம்" என்றார்.

கவலைப்படவில்லை என்று ஆறாம் தேதி எழுதியிருந்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 23, வியாழன்

ஐயா க்ளிக்குக்குப் பின்னால் போக மாட்டார். சரி. ஆனால் க்ளிக்கை ஐயாவுக்குப் பின்னால் போக வைக்கலாம்.

சாஃப்ட்வேரில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மெனுவுக்குள் மெனு திறந்து, மூன்று வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன். பாடியதைக் கொடுத்தால், அது எங்கே ஓடுகிறது, எங்கே படுக்கிறது என்று பார்த்து, கோடுகளைத் தானே நகர்த்திக்கொள்கிறது. நெருங்க வேண்டிய இடத்தில் கோடுகள் நெருங்கிவிட்டன. 'குழந்தைவேல்' வரும் இடத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு லாரி திரும்பலாம். க்ளிக்கைப் போட்டுக் கேட்டேன். டிக்டிக்டிக் டிக்... டிக்...... டிக். நொண்டிக்கொண்டே போகிறது.

ஆனால் திரையில் ஐயாவின் ஒவ்வொரு சொல்லும் கோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு ஒழுங்காகப் பாடியவர் உலகத்தில் கிடையாது. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது, உண்மையைச் சொன்னால்.

அந்தக் கோடுகளுக்குத் தகுந்தபடி கீபோர்டை வாசித்துச் சேர்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. அமல்ராஜின் டிரம்ஸை இன்னும் திறந்துவிடவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய்த் தாளிலும் ஐயா படம்.

ஜனவரி 27, திங்கள்

டிரம்ஸைத் திறந்துவிட்டுக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அமல்ராஜ் அடித்தது நேரான க்ளிக்குக்கு. இப்போது கோடெல்லாம் ஐயாவோடு வளைந்துவிட்டது. அவர் அடித்தது மட்டும் பழைய இடத்தில் நேராக நிற்கிறது. திரையில் பார்த்தால் ஒரு அடிகூடக் கோட்டில் இல்லை. முதல் நாள் ஸ்டிக் பிடித்தவன் அடித்ததுபோல இருக்கிறது.

அவரைக் கூப்பிட்டுப் புதிய க்ளிக்குக்கு மறுபடி அடிக்கச் சொன்னேன். ஹெட்ஃபோனை மாட்டி ஒரு நிமிடம் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னா மிஸ்ஸு இது, கால்ல கயிறு கட்டுன கோழி மாதிரி போகுது?"

"ஐயா பாடுனதுக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேனுங்க சார். நீங்களும் அதுக்கு ஏத்த மாதிரி..."

"பாட்டுக்கு ஒருக்கா வளைஞ்சு குடுத்துரலாம். இது நடக்குற பாட்டு மிஸ்ஸு. இதுக்கு நடந்தா புள்ளைங்க மூஞ்சி குப்புற விழுகும். நான் ஐயாகிட்டயே சொல்றேன்."

வேண்டாம் என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஐயா ஸ்டோர் ரூமுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டிரம்ஸோடு சேர்த்துப் பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். ஐயா ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"யாரு தப்பு இது?"

அமல்ராஜ் முந்திக்கொண்டார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. க்ளிக்கு தப்பா இருக்கு. ஒரு எடத்துல ஓடுது, ஒரு எடத்துல படுத்துருது. யாரோ கைய வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஐயாவும் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், எனக்கு இந்த நாயமெல்லாம் வேண்டாம். நான் பாடுனது அந்தக் கோட்டுல நிக்குதா, இல்லியா?"

"நிக்குதுங்க ஐயா."

"இவரு அடிச்சது?"

திரையில் பெரிதாகத் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"கோட்டுல இல்லீங்க ஐயா."

"மிசினு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க ஐயா."

அவ்வளவுதான். மூன்று கேள்வி, மூன்று பதில். மூன்றிலும் ஒரு பொய்கூடக் கிடையாது. நானே இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

அமல்ராஜ் எதுவும் பேசவில்லை. வாய் அதிகம் என்று நான் சொன்ன மனிதர்.

ஜனவரி 29, புதன்

காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

ஜூன் வரைகூட வைத்திருக்கவில்லை. அமல்ராஜை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு உத்தரவு கையில் கொடுத்தார்கள். இசை மற்றும் பேண்ட் ஆசிரியை, நிரந்தரம். பிரின்ஸிபால் லட்டு கொடுத்தார்.

டிரம்ஸை நானே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டேன். கோட்டில் சரியாக நிற்கிறது. பாட்டைக் கேட்ட ஐயா, "இப்பத்தான் தாளம் சேந்துது" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

பேண்ட் ரூம் சாவியைக் கொடுக்க அமல்ராஜ் வந்தார். கூடவே அவருடைய சின்னவன், நாலாம் வகுப்பு, மாற்றுச் சான்றிதழ் வாங்க. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். பழக்கம்போல.

"பெரிய டிரம்முக்குத் தோல் தளர்ந்திருக்கு மிஸ்ஸு. மாத்திருங்க" என்றார். சாவியை மேசையில் வைத்தார்.

"சார், நான் எதுவும் தப்பாச் சொல்லலீங்க" என்றேன்.

"சொல்லல மிஸ்ஸு. நானுந்தான் சொல்லல. உங்க பேரைச் சொல்லியிருந்தா அன்னிக்கு நீங்க வெளிய போயிருப்பீங்க." சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பயலுகளையும் இனி எங்க சேக்குறதுன்னு தெரியல. நடுவருசத்துல எவன் சேப்பான்? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கணும்."

மணி அடித்துவிட்டார்கள். எனக்கு ஏழாம் வகுப்பு.

சாயங்காலம் ரூபிகா கேட்டாள்: "சார் தப்பா அடிச்சாருன்னு நீயாம்மா சொன்ன?"

"நான் எங்கடி சொன்னேன்? மெசின் காட்டுச்சு."

"அன்னிக்கு நானும் அங்கதான நின்னேன். எல்லா அடியும் கோட்டுலதான இருந்துச்சு?"

"உனக்கு என்ன தெரியும்? போய்ப் படி."

போய்ப் படித்தாள். சத்தமாகப் படித்தாள். கணக்குப் பாடத்தை யாராவது சத்தமாகப் படிப்பார்களா?

பிப்ரவரி 10, திங்கள்

இன்று மைதானத்தில் முதல் ஒத்திகை. ஒலிபெருக்கியில் பாட்டு. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே எல்லாப் பிள்ளைகளும் வரிசையில்.

'ஒழுக்கம் உழைப்பு' வந்ததும் முன்வரிசை ஓட ஆரம்பித்தது. 'குழந்தைவேல்' வந்ததும் ஒற்றைக் காலைத் தூக்கியவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பின்வரிசை வந்து முதுகில் மோதியது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தது. ஒரு பெண்ணுக்கு முழங்கால் சிராய்ப்பு. பார்த்துக்கொண்டிருந்த வேன் டிரைவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

பி.டி. மாஸ்டர் துரைசாமி, "இந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்தார். பின்னால் ஐயா நிற்பதைப் பார்த்துவிட்டு, "...ரொம்ப உணர்ச்சியா இருக்குதுங்க" என்று முடித்தார்.

ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "புள்ளைங்களுக்கு ஒழுக்கம் பத்துல. ஒரு பாட்டுக்கு நடக்கத் தெரியில. அஞ்சு நாள்ல சரி பண்ணிப்போடோணும். யாரு பண்றீங்க?"

துரைசாமி என்னைப் பார்த்தார். நிரந்தரம் ஆன ஒரே ஆள் நான்தான்.

"காலையில பிரேயர்லயே வெறும் க்ளிக்கை மட்டும் ஒலிபெருக்கியில போட்டு நடக்க வெக்கலாங்க ஐயா. காதுல ஏறிட்டா கால் தன்னால வந்துருங்க" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டிக்டிக்டிக் டிக்... டிக்...... டிக். காலை முழுவதும். வரிசைக்கு முன்னால் நின்று நான் கையை ஆட்ட வேண்டும், பிள்ளைகள் என் கையைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். ஊருக்கே கேட்கிறது. டீக்கடைக்காரர், "டீச்சர், ஸ்பீக்கரு ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 12, புதன்

கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

என்னால் நம்ப முடியவில்லை. ஓட வேண்டிய இடத்தில் அத்தனை காலும் ஓடுகிறது. நிற்க வேண்டிய இடத்தில் அத்தனை காலும் அந்தரத்தில் நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் இன்டர்வெலில் தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதுகூட அப்படித்தான் போகிறார்கள். துரைசாமி, "எனக்கே இப்ப நேரா நடந்தா என்னமோ மாதிரி இருக்குதுங்க டீச்சர்" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் மட்டும் ஒரு ஆள் சேரவில்லை. எல்லாரும் ஓடும்போது அவள் ஓடவில்லை, எல்லாரும் நிற்கும்போது அவள் நிற்கவில்லை. ஒரே சீராக நடந்து, முன்னால் போகிறவளை இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒரே சீராக. அமல்ராஜ் பேண்டுக்குச் சொல்லிக் கொடுத்த நடை அது.

துரைசாமி அவள் பக்கம் போகவே இல்லை. டீச்சர் பிள்ளை அல்லவா.

பிப்ரவரி 13, வியாழன்

ஐயா மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஒம்பதாவதுல அந்தப் புள்ள யாரு? அது ஒண்ணுதான் தப்பா நடக்குது."

துரைசாமி குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். ஒலிபெருக்கியில் க்ளிக் ஓடிக்கொண்டே இருந்தது.

"எம் பொண்ணுதானுங்க ஐயா" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லிப்போடுங்க."

ஐயா மாடியிலிருந்து பார்க்க, மைதானத்தில் எல்லாரும் பார்க்க நடந்துபோனேன். அவள் எதிரில் போய் நின்றேன். பயந்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்கு ஸ்டோர் ரூமில் அமல்ராஜ் பார்த்ததைப் போலவே என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டு.

"ரூபிகா, நீ தப்பா நடக்கற. கால மாத்து."

ஒத்திகைக்காகக் குத்தியிருந்த மைக் என் முந்தானையிலேயே இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

மாற்றினாள்.

பிப்ரவரி 15, சனி

விளையாட்டு விழா நன்றாக முடிந்தது. சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு பெரிய அதிகாரி. ஒருநாளும் இப்படி ஒரு அணிவகுப்பைப் பார்த்ததில்லை என்று மேடையில் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஐயா பாட்டு ஓடும்போது எழுந்து நின்றுவிட்டார், தன் பெயர் வந்தபோது தானே கை தட்டினார். மற்ற பெற்றோர்கள் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரிசைக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே ரூபிகாவின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட வேண்டிய இடத்தில் ஓடினாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். மற்ற பிள்ளைகள் அங்கங்கே கொஞ்சம் பிசகினார்கள். அவளிடம் ஒரு பிசகு இல்லை. இறங்கி வந்த ஐயா அவள் தோளில் தட்டி, "உங்க புள்ளதான் எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் டீச்சர். பிளஸ் டூ முடியற வரைக்கும் இங்கயே படிக்கட்டும்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். இத்தனைக்கும் காரணம் அதுதான். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் கொப்புளம். தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டேன். நல்ல மனநிலையில் இருப்பதுபோலத் தெரிந்தது. மூன்று நாளாகப் பேசாதவளிடம் பேச்சுக் கொடுக்க இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"மத்தவங்கெல்லாம் திணறுனாங்க. நீ மட்டும் எப்பிடிடி அவ்வளவு சரியா நடந்த?"

"ஈஸிதாம்மா" என்றாள். "பாட்டை நான் கேக்கவே இல்ல. நீதான முன்னால நின்ன? உன்னையவே பாத்துக்கிட்டு, நீ செய்யற மாதிரியே செஞ்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கக் கூடாது என்று, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குள் வந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.